பெயர் மாற்றமும் டெஸ்டும்: தேவ்நார் வட்டார வலைநிரலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தேவ்நார், கோவண்டி, மான்குர்து, செம்பூர், மாட்டுங்கா, தாராவி பகுதிகளில் வலைச்செயலி எழுதும் தமிழ் இளைஞர்களுக்கு,

வலை ஃபிரேம்வொர்க்கின் இன்டர்ஃபேஸில் இருக்கும் ஒரு மெத்தடை இரண்டு தரப்பினர் நம்பியிருக்கிறார்கள். ஒரு தரப்பு அதை அழைப்பவர்கள். மறு தரப்பு அந்த மெத்தடைத் தங்கள் கிளாஸில் எழுதி ஃபிரேம்வொர்க்கின் கையில் கொடுப்பவர்கள். அவர்கள் எழுதியதை எப்போது அழைப்பது என்பதை ஃபிரேம்வொர்க்தான் முடிவு செய்கிறது. பெயரை மாற்றினால் இரு தரப்பும் உடைகின்றன, ஆனால் உடையும் விதம் வேறு. அழைப்பவரின் நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். இல்லாத மெத்தடை அழைத்ததாகப் பிழைச்செய்தி வரும், வரி எண்ணும் வரும், அன்றைக்கே சரிசெய்துவிடலாம். எழுதிக்கொடுத்தவரின் நிரல் நிற்காது. பழைய பெயரில் அவர் எழுதிய மெத்தட் அப்படியே கிடக்கும். அதை அழைக்க யாரும் வரமாட்டார்கள். செயலி தவறான விடையோடு ஓடிக்கொண்டே இருக்கும். பெயர் மாற்றத்துக்கு அவசரமாக எழுதப்படும் டெஸ்ட்கள் முதல் தரப்பையே காக்கின்றன. காப்பு அதிகம் தேவைப்படுவது இரண்டாம் தரப்புக்கு.

இதைத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு ஜாங்கோவில் நடந்தது. பைத்தானில் எழுதப்பட்ட இந்த ஃபிரேம்வொர்க் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட் நாளிதழின் வலைப்பிரிவில் உருவாகி, 2005 ஜூலையில் பொதுவெளிக்கு வந்தது. தரவுத்தளத்திலிருந்து எடுக்கும் பதிவுகளின் தொகுப்புக்கு அதில் குவெரிசெட் என்று பெயர். ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு மேனேஜர் உண்டு. எந்தப் பதிவுகளிலிருந்து தேடலைத் தொடங்குவது என்று சொல்வது அதன் வேலை. அந்த வேலையைச் செய்யும் மெத்தட் பல ஆண்டுகளாக ‘கெட்_குவெரி_செட்’ என்று இருந்தது. நிர்வாகப் பக்கங்களை உருவாக்கும் மாடல்அட்மின் கிளாஸில் அதே வேலைக்கு வெறும் ‘குவெரிசெட்’. 2011 மார்ச்சில் 1.3 பதிப்போடு கிளாஸ் அடிப்படையிலான வியூக்கள் வந்தபோது அவற்றில் ‘கெட்_குவெரிசெட்’ என்று வைத்தார்கள். ஒரே வேலைக்கு மூன்று பெயர்கள். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் ஒரே ஒரு அண்டர்ஸ்கோர்தான் வித்தியாசம்.

2013 நவம்பர் 6 அன்று வெளியான 1.6 பதிப்பு மூன்றையும் ‘கெட்_குவெரிசெட்’ என்று ஒன்றாக்கியது. மாற்றம் நியாயமானது. ஒரு அண்டர்ஸ்கோரை எங்கே போடுவது என்று நினைவில் வைத்திருக்கும் சுமை புதிதாகக் கற்பவர்மேல் விழுகிறது. அந்தச் சுமையால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. ஆனால் அந்த ஒரு எழுத்தை எடுப்பதற்கு ஜாங்கோ செய்த ஏற்பாடு, அந்த மாற்றத்தைவிடப் பல மடங்கு பெரியது. ஏன் பெரியது என்பதற்கு ஒரு பாடத் தளத்தை எடுத்துக்கொள்ளலாம்.

‘பாடம்’ என்று ஒரு மாடல். அதற்கு ‘வெளியானவை’ என்று ஒரு மேனேஜர். தாய் மேனேஜரின் கெட்_குவெரி_செட்டை மேலெழுதி, வெளியிட்டாகிவிட்டது என்று குறிக்கப்பட்ட பதிவுகளை மட்டும் வடிகட்டித் தரும் இரண்டு வரி அதில் இருக்கிறது. ஆசிரியர் இன்னும் திருத்திக்கொண்டிருக்கும் பாடம் மாணவர் கண்ணில் படாமல் இருப்பது இந்த இரண்டு வரியால்தான். ஃபிரேம்வொர்க்கில் பெயர் மட்டும் மாறியது, வேறு ஏற்பாடு எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டால் என்ன நடக்கும்? வியூ இந்த மேனேஜரிடம் எல்லாப் பதிவுகளையும் கேட்கிறது. மேனேஜர் உள்ளுக்குள் கெட்_குவெரிசெட்டை அழைக்கிறது. குழந்தை கிளாஸில் அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை. தாய் கிளாஸில் இருக்கிறது, அது வடிகட்டாமல் அத்தனையையும் தருகிறது. பிழைச்செய்தி இல்லை, லாக் கோப்பில் ஒரு வரி இல்லை. பாதி எழுதிய வினாத்தாளும் அதன் விடைகளும் மாணவரின் திரையில் வந்து நிற்கின்றன.

கோவண்டியில் ஹார்பர் லைன் வண்டி ஏறுபவர் இன்றும் ‘வி.டி.’ என்றுதான் சொல்கிறார். அந்த நிலையம் 1996இல் சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் ஆகி, 2017இல் சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் ஆகிவிட்டது. கேட்பவர் மனிதர் என்பதால் எந்தப் பெயரைச் சொன்னாலும் ஒரே இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். பைத்தானிடம் அப்படி நடக்காது. இரண்டு பெயரும் ஒரே இடத்துக்குப் போக வேண்டுமானால் அதை யாராவது எழுதிவைக்க வேண்டும்.

முதலில் தோன்றும் வழி, தாய் கிளாஸில் பழைய பெயரைப் புதிய பெயருக்குச் சமம் என்று ஒரே வரியில் எழுதிவிடுவது. இது பாதி தீர்வு. பைத்தானில் அப்படிச் சமப்படுத்தும்போது பழைய பெயர் அந்தக் கணத்தில் இருக்கும் ஃபங்ஷனைப் பிடித்துக்கொள்கிறது. புதிய பெயர் பின்னால் என்ன ஆகிறது என்பதைப் பார்ப்பதில்லை. குழந்தை கிளாஸ் புதிய பெயரை மேலெழுதியிருந்தால், பழைய பெயரால் அழைப்பவருக்குத் தாயின் ஃபங்ஷனே கிடைக்கும். மறுபக்கம் இன்னும் மோசம்: குழந்தை கிளாஸ் பழைய பெயரை மட்டும் மேலெழுதியிருந்தால் ஃபிரேம்வொர்க் புதிய பெயரால் அழைத்து அதைத் தாண்டிப் போய்விடும். பாடத் தளத்தில் நடந்தது இதேதான். சரி, பழைய மெத்தட் புதியதை அழைக்கட்டும், புதியது பழையதை அழைக்கட்டும் என்று எழுதினால் இரண்டும் ஒன்றையொன்று அழைத்துக்கொண்டு ஸ்டாக் நிரம்பும்வரை சுற்றும்.

ஜாங்கோ இதை மெட்டாகிளாஸ் ஒன்றால் தீர்த்தது. ரீநேம்மெத்தட்ஸ்பேஸ் என்று அதற்குப் பெயர். கிளாஸ் ஒன்று உருவாகும் கணத்தில் அது குறுக்கிட்டு, அந்த கிளாஸையும் அதன் மூதாதைக் கிளாஸ்கள் ஒவ்வொன்றையும் வரிசையாகப் பார்க்கிறது. ஒரு கிளாஸ் பழைய பெயரை மட்டும் எழுதியிருந்தால் அதே ஃபங்ஷனைப் புதிய பெயரிலும் அங்கேயே வைக்கிறது, பெயரை மாற்றச் சொல்லி ஒரு வார்னிங்கும் தருகிறது. புதிய பெயர் மட்டும் இருந்தால் பழைய பெயரில் ஒரு உறையை வைக்கிறது. அந்த உறை அழைக்கப்படும்போது வார்னிங் தந்துவிட்டு புதியதை இயக்கும். இரண்டும் இருந்தால் புதிதாக எதையும் வைப்பதில்லை. இப்படி ஒவ்வொரு படியிலும் இரண்டு பெயரும் ஒரே ஃபங்ஷனைக் காட்டுவதால், பரம்பரையில் யார் எந்தப் பெயரில் எழுதியிருந்தாலும் கடைசியாக எழுதியவரின் சொல்லே நிற்கிறது. மிக்ஸின் கிளாஸ்களுக்கு அந்த மெட்டாகிளாஸ் கிடையாது. ஆனாலும் மூதாதைப் பட்டியல் முழுவதையும் பார்ப்பதால் அவையும் கணக்கில் வந்துவிடுகின்றன.

இங்கே வார்னிங் இரண்டு வெவ்வேறு தருணங்களில் வருகிறது. ஒன்று, பழைய பெயரை அழைக்கும்போது. இன்னொன்று, பழைய பெயரில் மெத்தட் எழுதிய கிளாஸ் உருவாகும்போது. முன்னது அழைப்பவருக்கு, பின்னது எழுதிக்கொடுப்பவருக்கு. அந்த மெத்தட் ஒருமுறைகூட ஓடாவிட்டாலும், கோப்பை இம்போர்ட் செய்த உடனேயே பின்னது வந்துவிடும். சத்தமில்லாமல் உடையக்கூடிய தரப்புக்குச் சத்தம் போட்டுச் சொல்லும் ஏற்பாடு இது. பெயர் மாற்றம் செய்யும் எந்த ஃபிரேம்வொர்க்கும் இந்த இரண்டாவது வார்னிங்கைத் தராமல் விட்டால், அதன் வேலை முடியவில்லை என்றே கொள்ள வேண்டும்.

டெஸ்ட்கள் இந்த ஏற்பாட்டின் வடிவத்தையே பின்பற்றுகின்றன. ஜாங்கோவின் டெஸ்ட் அடைவில் டெப்ரிகேஷனுக்கென்று ஒரு தனி இடம் உண்டு. பெயர் மாற்றத்துக்காக அங்கே சேர்க்கப்பட்டவை ஒவ்வொன்றும் ஒரு குடும்ப அமைப்பைச் சோதிக்கின்றன: பழைய பெயரோடு ஒரு கிளாஸை வரையறுத்தால் வார்னிங் வருகிறதா; புதிய பெயர் மட்டும் இருந்தால் பழையது வேலை செய்கிறதா; பழையது மட்டும் இருந்தால் புதியது வேலை செய்கிறதா; தாய் புதிய பெயருக்கு மாறி, குழந்தை மாறாமல் இருந்தால் என்ன; குழந்தை மாறி, தாய் மாறாமல் இருந்தால் என்ன; நடுவில் மிக்ஸின்கள் புகுந்தால் என்ன. கடைசி மூன்றும் கற்பனையான சிக்கல்கள் போலத் தெரியலாம். வெளியார் எழுதிய நூலகம் ஒன்றைத் தாயாகக் கொண்டு ஒரு தளம் இயங்கும்போது, நூலகம் ஒரு வேகத்திலும் தளம் ஒரு வேகத்திலும் புதுப்பிக்கப்படும். தாய் மாறிக் குழந்தை மாறாத நிலையும் அதன் எதிர்நிலையும் அன்றாடம் நடப்பவை.

வார்னிங்கைச் சோதிப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது, அதைத் தவறவிட்டால் டெஸ்ட் சில நாள் வெற்றிபெறும், சில நாள் தோற்கும். ஒரே இடத்திலிருந்து வரும் வார்னிங்கைப் பைத்தான் இயல்பாக ஒருமுறைதான் காட்டும். முந்தைய டெஸ்ட் ஏற்கெனவே அந்த வரியைத் தொட்டிருந்தால் அடுத்த டெஸ்டுக்கு ஒன்றும் கிடைக்காது. டெஸ்ட்களின் வரிசை மாறினால் முடிவும் மாறும். ஆகவே வார்னிங்ஸ் மாட்யூலின் பதிவுசெய்யும் வசதியைத் திறந்து, வடிகட்டியை ‘எப்போதும்’ என்று வைத்து, பிடிபட்டவற்றின் எண்ணிக்கையையும் வாசகத்தையும் சரிபார்க்க வேண்டும். எண்ணிக்கை முக்கியம். ஒரே தவறுக்கு இரண்டு வார்னிங் வந்தால் உறைக்குள் உறை சிக்கியிருக்கிறது என்று பொருள்.

மற்ற டெஸ்ட்களைத் திருத்துவது எளிய வேலை போலத் தோன்றும். எடிட்டரில் பழைய பெயரைத் தேடி, எல்லா இடத்திலும் புதிய பெயரைப் போட்டால் முடிந்தது என்று நினைப்பார்கள். அப்படி மொத்தமாக மாற்றும்போது பழைய பெயரைச் சோதிக்கவென்றே எழுதிய டெஸ்ட்களும் சேர்ந்து மாறிவிடும். பிறகு எல்லாம் பச்சையாக ஓடும், ஆனால் பழைய பெயர் இன்னும் வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி எதுவும் மிச்சமிருக்காது. பழைய பெயருக்கான டெஸ்ட்கள் தனிக் கோப்பில், தனி அடையாளத்தோடு இருந்தால் இந்த விபத்து நேராது. ஜாங்கோ 1.7 இதில் ஒரு நல்ல பழக்கத்தைக் கொண்டுவந்தது: வார்னிங் கிளாஸின் பெயரிலேயே அது எந்தப் பதிப்பில் நீங்கும் என்பதை எழுதிவைப்பது. ‘ரிமூவ்ட்இன்ஜாங்கோ18வார்னிங்’ என்று தேடினால் 1.8இல் அழிக்க வேண்டிய நிரலும் டெஸ்டும் ஒரே பட்டியலாகக் கிடைத்துவிடும்.

இன்னொரு அளவுகோலும் உண்டு. பெயர் மாற்றத்தில் டெஸ்டின் அழைப்பு வரி மாறலாம், எதிர்பார்க்கும் விடை மாறக் கூடாது. விடையையும் திருத்தினால்தான் டெஸ்ட் வெற்றிபெறும் என்ற நிலை வந்தால், பெயரோடு சேர்ந்து நடத்தையும் மாறியிருக்கிறது. அதைத் தனி கமிட்டாகப் பிரித்து, தனியாக விவாதிக்க வேண்டும். இந்தக் கோட்டைத் தாண்டும் புல் ரிக்வெஸ்ட்டை, எவ்வளவு சிறியதாக இருந்தாலும், திருப்பி அனுப்புவதே சரி.

ஜாங்கோவின் அன்றைய நடைமுறைப்படி பழைய பெயருக்கு 1.6இல் மென்மையான வார்னிங், 2014 செப்டம்பரில் வந்த 1.7இல் கடுமையான வார்னிங், 2015 ஏப்ரல் 1 அன்று வந்த 1.8இல் முழு நீக்கம். காகிதத்தில் பார்த்தால் ஒழுங்கான மூன்று படிகள். ஆனால் நீண்ட கால ஆதரவு தரப்பட்ட பதிப்புகள் 1.4உம் 1.8உம். நிலைத்தன்மை வேண்டும் என்று 1.4இல் தங்கியிருந்து நேரே 1.8க்குத் தாவிய தளங்கள் நடுவிலிருந்த 1.6, 1.7 இரண்டையும் கண்டதே இல்லை. 1.4இல் வார்னிங் கிடையாது, ஏனென்றால் அப்போது பெயர் மாறவில்லை. 1.8இலும் வார்னிங் கிடையாது, ஏனென்றால் மேனேஜரிலிருந்து அந்த மெட்டாகிளாஸை எடுத்துவிட்டார்கள். இந்தத் தளங்களில் மேனேஜரை மேலெழுதியவர்களுக்கு, மேலே சொன்ன பாடத் தளத்தின் கதி எந்த அறிவிப்பும் இல்லாமல் நேரக்கூடியதாக இருந்தது. தப்பிக்க ஒரு வழி, இடைப் பதிப்பு ஒவ்வொன்றையும் தற்காலிகமாக நிறுவி, எல்லா வார்னிங்கையும் பிழையாக மாற்றும் விருப்பத்தோடு டெஸ்ட்களை ஓட்டிவிட்டு அடுத்ததற்குப் போவது. 2015 ஜூனில் ஜாங்கோ புதிய வெளியீட்டுத் திட்டத்தை அறிவித்தது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நீண்ட கால ஆதரவுப் பதிப்பு. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு வெளியார் நூலகங்கள் சிரமமின்றி வரும்படி நீக்கங்களைத் தள்ளிவைப்பது என்று அதில் ஏற்பாடு. காலம் தாழ்ந்து வந்தாலும் சரியான திருத்தம்.

இத்தகைய தாவல் நேரக்கூடிய சூழல் தேவ்நாருக்கு அந்நியமானதில்லை. 1954 முதல் தேவ்நாரில் இருக்கும் டாடா சமூக அறிவியல் நிறுவனம், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தோடும் டாடா டிரஸ்ட்ஸோடும் சேர்ந்து 2015இல் கனெக்டட் லேர்னிங் இனிஷியேட்டிவ் என்ற திட்டத்தைத் தொடங்கியது, சுருக்கமாக கிளிக்ஸ். சத்தீஸ்கர், மிசோரம், ராஜஸ்தான், தெலங்கானா ஆகிய நான்கு மாநிலங்களின் அரசுப் பள்ளிகளில் கணிதம், அறிவியல், ஆங்கிலம் கற்பிக்கக் கணினியைப் பயன்படுத்துவது அதன் நோக்கம். 2017ஆம் ஆண்டுக்கான யுனெஸ்கோவின் மன்னர் ஹமாத் பின் ஈசா அல்-கலீஃபா பரிசு அதற்குக் கிடைத்தது. அத்திட்டத்தின் தளம் ஜிஸ்டூடியோ என்ற கட்டற்ற மென்பொருள்மேல் கட்டப்பட்டது. ஜிஸ்டூடியோ உருவானது, டாடா நிறுவனம் இருக்கும் அதே வி.என். புரவ் மார்க்கில், மான்குர்தில் இருக்கும் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில். அதன் அடித்தளம் ஜாங்கோவும் மாங்கோடிபியும்.

அந்தத் தளம் பள்ளிகளில் உள்ளூர் சர்வரில் இயங்கியது. இணையம் வராத, வந்தாலும் நிற்காத பள்ளிகளில் மாணவர் கணினிகள் அந்த சர்வரோடு மட்டும் பேசிக்கொள்ளும். மேகத்தில் இயங்கும் செயலிக்கு இரவோடிரவாகப் புதிய பதிப்பு ஏற்றலாம். தவறு நேர்ந்தால் அடுத்த மணியில் பழையதைத் திரும்பக் கொண்டுவரலாம். இணைப்பில்லாத பள்ளியின் சர்வரில் இருக்கும் நிரல், யாராவது கையில் எடுத்துக்கொண்டு போகும்வரை அப்படியே இருக்கும். மேலெழுதிய மெத்தட் ஒன்று சத்தமில்லாமல் செயலிழந்தால் அதைக் கவனித்துச் சொல்ல அங்கே நிரலாளர் யாரும் இல்லை. பாடத் தளத்தின் எடுத்துக்காட்டு ஜிஸ்டூடியோவின் நிரலிலிருந்து எடுத்ததில்லை. ஆனால் ஒரு பெயர் மாற்றத்தின் கடைசிப் பயனர் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு காலம் தள்ளி இருக்கிறார் என்பதற்கு இந்தச் சாலையில் உருவான மென்பொருளைவிட நல்ல அளவுகோல் தேட வேண்டியதில்லை.

பைத்தானில் இன்டர்ஃபேஸ் என்பது பெரும்பாலும் வழக்கம்தான். பிஎச்பியில் அது மொழியின் பகுதி. அங்கே சிக்கல் தலைகீழாகிறது. இன்டர்ஃபேஸில் புதிய மெத்தட் ஒன்றைச் சேர்த்தால், அதை எழுதாத ஒவ்வொரு கிளாஸும் ஏற்றப்படும் கணத்திலேயே அபாயப் பிழையோடு நின்றுவிடும். பிஎச்பி ஃபிரேம்வொர்க்கான சிம்ஃபனி 2021 மே மாதம் வெளியிட்ட 5.3 பதிப்பில் இதைக் கையாண்டது. அதன் யூசர்இன்டர்ஃபேஸில் ‘கெட்யூசர்நேம்’ என்ற மெத்தட் இருந்தது. நடைமுறையில் அது திருப்பித் தந்தது மின்னஞ்சலாக இருக்கும், வாடிக்கையாளர் எண்ணாக இருக்கும், ஏபிஐ டோக்கனாகக்கூட இருக்கும். எனவே ‘கெட்யூசர்ஐடென்டிஃபையர்’ என்று மாற்றினார்கள். கூடவே பயனரைத் தேடித் தரும் மெத்தடும் எக்செப்ஷன் கிளாஸும் பெயர் மாறின. 5.3இல் புதிய மெத்தடை இன்டர்ஃபேஸுக்குள் வைக்கவில்லை. அதன் தலைக்குறிப்பில் மட்டும் ‘இப்படி ஒரு மெத்தட் உண்டு’ என்று எழுதினார்கள். ஃபிரேம்வொர்க்கின் உள்நிரல், பயனர் கிளாஸில் புதிய மெத்தட் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதையும் இல்லாவிட்டால் பழையதையும் அழைத்தது. தலைக்குறிப்பைப் படித்து, அந்த மெத்தடை இன்னும் எழுதாத கிளாஸ்களைக் கண்டுபிடித்து அறிவிக்கும் கருவி சிம்ஃபனியிலேயே இருக்கிறது. 2021 நவம்பர் 29 அன்று வந்த 6.0இல் புதிய மெத்தட் இன்டர்ஃபேஸுக்குள் நுழைந்தது, பழையது வெளியேறியது.

தலைக்குறிப்பில் மட்டும் இருக்கும் மெத்தட் டெஸ்ட்களுக்கு ஒரு புதிய தொல்லையைக் கொண்டுவருகிறது. பிஎச்பியூனிட்டில் இன்டர்ஃபேஸை மாக் செய்தால் அதில் உண்மையாக இருக்கும் மெத்தட்களே கிடைக்கும். கெட்யூசர்ஐடென்டிஃபையருக்கு விடை அமைக்கப் போனால் அப்படி ஒரு மெத்தட் இல்லை என்று டெஸ்ட் தோற்கும். மாக்கை விட்டுவிட்டு, டெஸ்டில் உண்மையான பயனர் கிளாஸ் ஒன்றைப் பயன்படுத்துவது சுலபமான வழி. சிம்ஃபனியே தரும் இன்மெமரியூசர் இதற்குப் பொருந்தும். இது வேறொரு வகையிலும் மேலானது: மாக் எழுதியவரின் எண்ணத்தைச் சோதிக்கும், உண்மையான கிளாஸ் ஃபிரேம்வொர்க்கைச் சோதிக்கும். டெஸ்ட் ஓடி முடிந்ததும் சிம்ஃபனியின் பிஎச்பியூனிட் பிரிட்ஜ் வார்னிங்குகளைத் தொகுத்துத் தரும்போது, சொந்த நிரல் நேரடியாகச் செய்த தவறு எது, ஒரு நூலகம் இன்னொரு நூலகத்தை அழைத்ததால் வந்தது எது என்று பிரித்துக் காட்டுகிறது. இந்தப் பிரிவினை இல்லாவிட்டால் நூற்றுக்கணக்கான வரிகளைப் பார்த்து மலைத்து, எல்லாவற்றையும் அணைத்துவைக்கும் பழக்கம்தான் வரும்.

பைத்தானின் மாக் இதற்கு நேர் எதிர். எந்தப் பெயரைக் கேட்டாலும் உண்டு என்று தலையாட்டும். மேனேஜருக்குப் பதிலாக வெறும் மாக்கை வைத்து எழுதிய டெஸ்ட், பழைய பெயர் நீக்கப்பட்ட பிறகும் பழைய பெயரை அழைத்து வெற்றிபெறும். இதனால் நேர்ந்த குழப்பம் மாக் நூலகத்துக்குள்ளேயே உண்டு. ‘அசர்ட்_கால்ட்_ஒன்ஸ்’ என்ற மெத்தட் பைத்தான் 3.6இல்தான் வந்தது, 3.5க்கு முன் அதை எழுதியவர்களின் டெஸ்ட், ஒன்றையும் சோதிக்காமல் பச்சை காட்டியது. 3.5இல் ‘அசர்ட்’ என்று தொடங்கும் தெரியாத பெயர்களைப் பிழையாக்கினார்கள். மற்றப் பெயர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. மாக்கை உருவாக்கும்போதே எந்த கிளாஸின் வடிவத்தில் அது இருக்க வேண்டும் என்று ஸ்பெக் கொடுத்தால் அல்லது ஆட்டோஸ்பெக்கைப் பயன்படுத்தினால், அந்த கிளாஸில் இல்லாத பெயர் உடனே தோற்கும்.

டெம்ப்ளேட்டுகளைத் தேடலில் விட்டுவிடக் கூடாது. ஜாங்கோ டெம்ப்ளேட்டில் எழுதிய மெத்தட் பெயர் பைத்தான் பார்க்கும் நிரல் இல்லை. ஓடும்போது எழுத்துச்சரமாகத் தேடப்படுவது. கிடைக்காவிட்டால் இயல்பான அமைப்பில் அங்கே வெற்றிடம் அச்சாகும், பக்கம் சரியாகவே திறக்கும். மாணவரின் பெயர் வர வேண்டிய இடம் காலியாக இருக்கும், அவ்வளவுதான். பக்கம் 200 என்ற நிலைக்குறியோடு வந்ததா என்று மட்டும் பார்க்கும் டெஸ்ட் இதைப் பிடிக்காது. பக்கத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் பிடிக்கும். கெட்அட்டர் வழியாகச் சரமாக அழைக்கும் இடங்களுக்கும், அமைப்புக் கோப்புகளில் எழுதியிருக்கும் பெயர்களுக்கும் இதே கதிதான்.

எவ்வளவு காலம் பழைய பெயரை வைத்திருப்பது என்பதற்கு ஒரே விடை இல்லை. பைத்தானின் யூனிட்டெஸ்டில் ‘அசர்ட்ஈக்வல்ஸ்’ என்ற மாற்றுப்பெயர், ‘அசர்ட்ஈக்வல்’ இருக்கும்போது தேவையில்லை என்று 2011இல் வந்த 3.2இல் கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. உண்மையில் நீங்கியது 2023 அக்டோபரில் வந்த 3.12இல். நடுவில் 3.11இன் சோதனைப் பதிப்பில் எடுத்துப் பார்த்து, நூலகங்கள் பல உடைந்ததால் திரும்ப வைத்தார்கள். பத்து ஆண்டுக்கு மேல் அறிவிப்பு இருந்தும் அந்த நிலை. மௌனமாகக் காட்டப்படும் வார்னிங்கை யாரும் படிப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பைத்தான் 2.7 முதல் இத்தகைய வார்னிங்குகள் இயல்பில் பெரும்பாலும் மறைக்கப்பட்டே இருக்கின்றன. டெஸ்ட் ஓட்டும் இடத்திலாவது அவற்றைத் திறந்துவிடுவது அவசியம்.

சிறு நூலகங்களுக்கு இந்த விதிகள் தளர்வதில்லை. தமிழ்ச் சரத்தை எழுத்துகளாகப் பிரிக்கும் ஓப்பன்-தமிழ் நூலகத்தின் ‘கெட்_லெட்டர்ஸ்’ போன்ற ஒரு ஃபங்ஷனை எடுத்துக்கொண்டால், அதை யார் யார் எந்தச் செயலியில் பயன்படுத்துகிறார்கள் என்பது பராமரிப்பவருக்குத் தெரிய வழியில்லை. பெரிய ஃபிரேம்வொர்க்குக்கு முழுநேர ஆட்களும் வெளியீட்டுக் குறிப்பைப் படிக்கும் வாசகர்களும் உண்டு. சிறு நூலகத்துக்கு அதன் டெஸ்ட்களும் வார்னிங்குகளும் மட்டுமே உண்டு. ஆகவே அங்கே பழைய பெயரை இன்னும் கூடுதல் காலம் வைத்திருப்பது நல்லது. அதற்கு ஆகும் செலவு சில வரிகள்தான்.

தேவ்நார் வட்டாரத் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டற்ற திட்டங்களில் புதியவர்களுக்கு முதலில் கொடுக்கப்படும் வேலைகளில் ஒன்று இத்தகைய பெயர் மாற்றம். அடுத்த முறை அப்படி ஒரு வேலை கைக்கு வரும்போது, பழைய பெயரில் மெத்தடை மேலெழுதிய ஒரு குழந்தை கிளாஸை டெஸ்டில் எழுதி, ஃபிரேம்வொர்க் புதிய பெயரால் அழைக்கும்போது அந்தக் குழந்தையின் விடைதான் வருகிறதா என்று சரிபாருங்கள். அந்த டெஸ்டைப் பெயர் மாற்றும் அதே கமிட்டில் சேர்த்து அனுப்புங்கள். அது இல்லாமல் வரும் மாற்றத்தை, அனுப்பியவர் யாராக இருந்தாலும், ஏற்காதீர்கள்.